சுவிசுக்கு விழுந்த பூச்சியமும் பாரிஸ் பெரியப்பாவும்

வாலிபத்தில் செய்த மடைத்தனங்களை எழுதுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 'அப்போது வயது இருபது, விவரம் தெரியாது' என்று ஒரே வரியில் தப்பிவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. ஒரு முழு நாட்டின் மானத்தை நான் கப்பலேற்றியபோது எனக்கு வயது ஐம்பத்தொன்று. மூக்குக்கண்ணாடி, இரத்த அழுத்த மாத்திரை, தலையின் நடுவே ஒரு வெட்டவெளி எல்லாம் வந்திருந்தன. விவரம் மட்டும்தான் வந்து சேரவில்லை. (இன்னும் வழியில் நிற்கிறது என்கிறாள் என் மனைவி வதனி.)

நாங்கள் இருப்பது ஃப்ரிபூர்க்கிலிருந்து ரயிலில் பதினைந்து நிமிடத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே உள்ள முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. வதனிக்கும் மகள் ஆரணிக்கும் சுவிஸ் குடியுரிமை கிடைத்து வருடக்கணக்காகிவிட்டது. நான்தான் நேர்முகத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதனால் விமான நிலையங்களில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரியும். அவர்கள் இருவரும் ஒரு வரிசையில் விறுவிறுவென்று போய், அந்தப் பக்கம் கோப்பியும் குடித்து முடித்து, கண்ணாடிக்கு அப்பாலிருந்து எனக்குக் கை காட்டுவார்கள். நான் மற்ற வரிசையில் நின்று என் விரல் ரேகையைக் காட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஆரணி, "அப்பா, உங்களைப் பாக்க ஆரோ நாங்கள் களவாக் கூட்டிக்கொண்டு வந்த ஆள் மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்கே விண்ணப்பப் படிவத்தை எடுத்தேன்.

எங்கள் ஊரில் குடியுரிமை விசாரணையை நடத்துவது கெமைன்டே, அதாவது ஊர்ச்சபையின் ஐந்து பேர் கொண்ட குழு. ஏப்ரலில் கூப்பிட்டார்கள். தலைவி ஃப்ராவ் (திருமதி) மோசர், ஓய்வுபெற்ற ஆசிரியை. பக்கத்தில் ஹெர் (திரு) பெக் என்ற மாட்டுப்பண்ணைக்காரர். சோள மூட்டை மாதிரி ஆள், பேசவே மாட்டார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள், குறிப்பெழுதினார்கள்.

ஏரிகளின் பெயர் கேட்டார்கள், சொன்னேன். பச்சைப் போத்தலையும் பழுப்புப் போத்தலையும் எங்கே போடுவீர்கள் என்றார்கள், சொன்னேன். எல்லாம் ஆரணி ஒரு மாதமாக எனக்குத் தீத்திய பாடங்கள். அத்தோடு வாயை மூடிக்கொண்டு எழும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

கடைசியில் இறுக்கம் தளரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஃப்ராவ் மோசர் கதையை ஐரோப்பியப் பாட்டுப்போட்டிக்குத் திருப்பினார். முந்தின வருடம் சுவிஸ் வென்றிருந்ததால் அந்த வருடம் போட்டி நம் நாட்டிலேயே, பாசலில், நடக்கவிருந்தது. ஊர் மண்டபத்தில் பெரிய திரையில் காட்டப்போகிறோம், வாருங்கள் என்றார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

"எங்கள் நாட்டுக்கு நாங்களே வாக்குப் போட முடியாது என்பதுதான் விதி. வெளிநாட்டுக்காரர்தான் போடவேண்டும். மற்ற நாடுகளுக்கு எல்லை தாண்டினால் சொந்தபந்தம் இருக்கிறது. எங்களுக்கு வெளியே யார் இருக்கிறார்கள்?"

"எனக்கு இருக்கிறார்கள்!" என்றேன்.

ஐந்து தலைகளும் நிமிர்ந்தன. அந்த ஐந்து தலைகளைக் கண்டதும் எனக்கு ஏறிய போதையை நான் எப்படிச் சொல்ல? பாரிசில் பெரியப்பா வீடு, லண்டனில் மாமி வீடு, டோர்ட்முண்டில் மச்சான், ஒஸ்லோவிலும் கோப்பன்ஹேகனிலும் சித்தப்பாமார், ரொறொன்ரோவில் மிச்சப்பேர் எல்லாரும், மொத்தம் முப்பத்தேழு வீடுகள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். எங்கள் பிள்ளைகள் தமிழ்த் தொலைக்காட்சிப் பாட்டுப்போட்டிகளில் பாடும்போது, இந்த முப்பத்தேழு வீடும் கைவிரல் தேயத் தேய வாக்குப் போட்டுப் பழகியவை என்றேன். ஒரு ஆளுக்கு இருபது வாக்கு என்று ஆரணி சொல்லியிருந்தாள், அதையும் சொன்னேன்.

"நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள். ஐரோப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முடித்தேன். (இதே வார்த்தைகள். ஐரோப்பாவை. நான்.)

ஃப்ராவ் மோசர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என் மொழிச் சான்றிதழின் பிரதி ஒன்று குறைந்ததால், ஜூன் மாதம் இன்னொரு தடவை கூடித் தீர்மானிப்போம் என்று அனுப்பிவைத்தார்கள். ஜூன் என்றால் பாட்டுப்போட்டிக்கு மூன்று கிழமை கழித்து என்பது அப்போது எனக்கு ஒரு நல்ல சகுனமாகத்தான் பட்டது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களுக்குள் ஒரு நல்லது கெட்டது என்றால் எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு. ஊரில் என்றால் வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும். இங்கே எல்லாரும் நாலு திசையில் சிதறியிருப்பதால் தொலைபேசியில் கோல் எடுத்துச் சொல்லவேண்டும். அதுவும் மூப்பு ஒழுங்கில். முதல் கோல் பாரிஸ் பெரியப்பாவுக்கு. அவர் "ஓம், நல்லது" என்ற பிறகுதான் அடுத்தவர். அழைப்பிதழ் கார்ட் பிறகு வரலாம், வராமலும் விடலாம். கோல் வராத கல்யாணத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் போனதில்லை. நானே போனதில்லை! ஆரணியின் நடன அரங்கேற்றத்துக்கு இரண்டு வார இறுதிகள் செலவழித்து முப்பத்தேழு வீட்டுக்கும் இதே வாயால் சொன்னவன் நான்.

ஆனால் இது பாட்டுப்போட்டிதானே, இதற்கெல்லாம் யார் முறை பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வாட்ஸப்பில் ஒரு செய்தி எழுதினேன். 'அன்பான உறவுகளே! வரும் சனிக்கிழமை அனைவரும் சுவிசுக்கு வாக்களிக்கவும். ஒருவர் இருபது தரம் போடலாம். இங்ஙனம், சிவநேசன் குடும்பம்.' எழுத்துப்பிழை பார்க்க முதலில் டோர்ட்முண்ட் மச்சானுக்கு அனுப்பினேன். அவன் திருத்தித் திருப்பி அனுப்பியதை அப்படியே முப்பத்தாறு வீட்டுக்கும் ஃபோர்வேர்ட் பண்ணினேன். இரண்டு நிமிட வேலை. வதனி வந்து எட்டிப்பார்த்தாள்.

"பெரியப்பாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னனீங்களே?"

"இதுக்கெல்லாம் கோலே? இதென்ன கலியாண வீடே, சாமத்திய வீடே?"

"எனக்கென்ன, நான் சொல்லிப்போட்டன்" என்று போய்விட்டாள். (அவள் 'எனக்கென்ன' என்று சொன்ன எந்த விஷயமும் இதுவரை நன்றாக முடிந்ததில்லை. இருபத்துமூன்று வருடமாகியும் நான் படிக்கவில்லை.)

எல்லாரும் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலச் சரிகள் விழுந்தன. பதில் ஒன்றும் இல்லை. லண்டன் மாமி மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தா. எங்கள் மாமியிடமிருந்து வரும் தனிக் கட்டைவிரலுக்கு 'கண்டன், செய்யமாட்டன்' என்று பொருள் என்பது குடும்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. சத்தம் போடாமல் வேலை செய்கிறார்கள், நல்ல ஆட்கள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஊர் மண்டபம் நிறைந்திருந்தது. நான் இருநூறு ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோயிருந்தேன். என் வாக்குறுதி ஊர் முழுக்கப் பரவியிருந்தது என்பது உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. கைதட்டினார்கள். தபால்காரர் வந்து தோளில் தட்டினார். முன் வரிசையில் ஃப்ராவ் மோசருக்குப் பக்கத்துக் கதிரை எனக்கென்று காலியாக வைக்கப்பட்டிருந்தது. இருபத்தேழு வருடத்தில் அந்த ஊரில் எனக்கு ஒருவரும் கதிரை பிடித்து வைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

திரையில் எங்கள் சுவிஸ் பிள்ளை அருமையாகப் பாடியது. மண்டபமே மூச்சுவிடாமல் கேட்டது. முதலில் ஒவ்வொரு நாட்டு நடுவர்களும் புள்ளிகளைச் சொன்னார்கள். சுவிசுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். மேலே, இன்னும் மேலே என்று ஏறிப் போய்விட்டோம். ஹெர் பெக் தன் நாலாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஊமை மனுஷன் கண்ணடித்தால் அது எவ்வளவு பெரிய மரியாதை!

"இனித்தான் பொதுமக்களின் வாக்கு" என்றார் ஃப்ராவ் மோசர், கையைப் பிசைந்தபடி.

"இனித்தான் எங்கள் ஆட்கள் வருவார்கள்" என்றேன் நான், காலுக்கு மேல் கால் போட்டபடி.

ஒவ்வொரு நாடாகப் பொதுமக்கள் புள்ளியைச் சொல்லி வந்தார்கள். ஒன்றுக்கு முப்பது, ஒன்றுக்கு எண்பது, ஒன்றுக்கு நூறுக்கும் மேல். பிறகு திரையில் எங்கள் பாடகியின் முகம் பெரிதாக வந்தது. பாவம், சிரித்துக்கொண்டிருந்தது பிள்ளை. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

சுவிட்சர்லாந்துக்குப் பொதுமக்கள் அளித்த புள்ளிகள்: பூச்சியம்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. திரையில் இன்னும் ஏதாவது எண் முன்னால் வந்து ஒட்டுமா என்று பார்த்தேன். வரவில்லை. ஒன்று இல்லை, இரண்டு இல்லை, பூச்சியம். உலகம் முழுக்க ஒரு புள்ளி கூட இல்லை. தன் சொந்த வீட்டில் விருந்து வைத்து, வந்தவர்கள் எல்லாருக்கும் பரிமாறிய நாட்டுக்குப் பூச்சியம்! அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நொடியில் வந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெர் பெக் பாதி கடித்த ரோல்ஸை மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்தார். ஃப்ராவ் மோசர் கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நான் உட்காரவும் முடியாமல் போகவும் தெரியாமல் நின்றேன். கடைசியில் ஆரணிதான் வந்து என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து, "அப்பா, வாங்கோ, வீட்டை போவம்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் பாரிசுக்குக் கோல் எடுத்தேன். பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. குரலில் மட்டும் நாற்பது.

"பெரியப்பா, ராத்திரி என்ன நடந்தது? ஒரு வோட்டும் விழேல்லையே!"

"ஆர் கதைக்கிறது?"

"நான் சிவநேசன், சுவிசில இருந்து."

"ஓ, சிவநேசனோ? உனக்கு என்ர நம்பர் தெரியுமோ? நான் நினைச்சன் நீ துலைச்சுப்போட்டாய் எண்டு."

"பெரியப்பா, நான் மெசேஜ் அனுப்பினனான் தானே..."

"அனுப்பினனீ. மேல ஒரு அம்புக்குறியும் போட்டுக் கிடந்தது. பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டன், இதென்ன பிள்ளை எண்டு. வேற ஆருக்கோ வந்ததைத் தள்ளிவிட்டா இப்பிடித்தான் வரும் தாத்தா எண்டாள். எனக்கெண்டு நாலு எழுத்து எழுத உனக்கு நேரமில்லை, என்ன? ஆருக்கோ வந்த மிச்சத்தை எனக்குத் தாறாய். ஒரு நாட்டுக்காகக் கேக்கிறாய். நாடு எண்டா சின்ன விசயமே? ஒரு கோல் எடுத்து, பெரியப்பா, இப்பிடி இப்பிடி எண்டு சொல்ல உனக்கு வாய் நோகுமே?"

"பிழைதான் பெரியப்பா. அப்ப நீங்கள் போடேல்லை?"

"நான் போடாதது மட்டுமில்லை. ஒருத்தரும் போடக்கூடாது எண்டு முப்பத்தஞ்சு வீட்டுக்கும் சொன்னன்."

"எப்பிடிச் சொன்னீங்கள்?"

"கோல் எடுத்து" என்றார் பெரியப்பா. "முறைப்படி."

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பக்கம் வாக்குக் கேட்கச் செலவானது இரண்டு நிமிடம். அவரோ அதே வாக்கைத் தடுக்க ஐந்து நாள் தொலைபேசியில் இருந்திருக்கிறார். பிறகு லண்டன் மாமிக்கு எடுத்தேன். அவ கொஞ்சம் இளகிய மனசு. "சும்மா இருக்க மனம் கேக்கேல்லையடா, உடுப்பு வடிவா இருந்தது எண்டு போலந்துக்குப் போட்டன். இருபதும்" என்றா. டோர்ட்முண்ட் மச்சானோ, எழுத்துப்பிழை திருத்திய பாவத்துக்குப் பெரியப்பாவிடம் அரை மணி நேரம் ஏச்சு வாங்கியிருந்தான்.

அந்த மூன்று கிழமையும் நான் ஊருக்குள் தலை காட்டவில்லை. வேலைக்குப் பின் வழியால் போய்ப் பின் வழியால் வந்தேன். முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவர் சூப் வாங்கும்போது, "ஐரோப்பா எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். இரவுகளில் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். இனி ஆயுளுக்கும் அந்த மற்ற வரிசைதான். ஆரணிக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளை பிறந்தாலும், அது கண்ணாடிக்கு அப்பால் நின்று எனக்குக் கை காட்டும்.

ஜூனில் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஊரோடு ஒட்டி வாழ்கிறேன் என்பதற்குச் சாட்சியாக ஆரணியையும் கூட வரவிட்டார்கள். ஃப்ராவ் மோசர் குறிப்பேட்டைத் திறந்தார். தலைகீழாகப் படிக்கவே தெரிந்தது, என் வாக்கியம் அங்கே இருந்தது. கீழே இரண்டு கோடு வேறு.

"ஹெர் சிவநேசன், சான்றிதழ் வந்துவிட்டது. நன்றி. ஆனால்..." என்றார்.

அவரை முடிக்கவிடாமல் நான் கொட்டிவிட்டேன். பிழை என்னுடையது என்றேன். பெரியப்பாவின் மூப்பு, கோல் எடுக்கும் முறை, ஃபோர்வேர்ட், அம்புக்குறி, முப்பத்தைந்து வீட்டுத் தடையுத்தரவு, போலந்து உடுப்பு எல்லாவற்றையும் என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். "உங்கள் நாடு தோற்றது பாட்டால் இல்லை. நான் என் பெரியப்பாவை மதிக்காததால். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று முடித்தேன்.

ஐந்து பேரும் வாயைப் பிளந்தபடி இருந்தார்கள். நல்ல வேளை, அதிர்ச்சி இந்த முறை அவர்கள் பக்கம்.

முதலில் பேசியது ஹெர் பெக். அவர் குரலை நான் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். "என் அண்ணன் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இருக்கிறான்" என்றார். "பதினொரு வருடமாக என்னோடு பேச்சில்லை. என் மகளின் ஞானஸ்நானத்துக்குக் கடிதம்தான் போட்டேன், நேரில் போய்ச் சொல்லவில்லை. அவன் செய்தது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது." சொல்லிவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பேசினார்கள். நடைபாதை வாங்கில் உட்கார்ந்ததும் ஆரணி என் காதுக்குள், "அப்பா, ஒரு விசயம். பெரியப்பா தாத்தா ஆக்கள் எல்லாரும் போட்டிருந்தாலும் பூச்சியம்தான்" என்றாள்.

"என்ன?"

"ஒவ்வொரு நாட்டிலையும் முதல் பத்துக்குள்ள வந்தாத்தான் புள்ளி. லட்சக்கணக்கான சனம் போடுது. நாங்கள் முப்பத்தேழு வீடு என்னத்துக்குக் காணும்?"

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் ஐரோப்பாவைப் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு அவ்வளவு சந்தோசமா இருந்தீங்கள். பிறகு அவ்வளவு துக்கமா இருந்தீங்கள். எங்க சொல்லுறது?"

ஆகவே நான் செய்யாத குற்றத்துக்கு, ஒரு அரசாங்கக் குழுவின் முன்னால், அழாக்குறையாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். உள்ளே ஓடிப்போய் அதைத் திருப்பி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. ஃப்ராவ் மோசர் கையை நீட்டினார். ஐந்து பேரும் ஏகமனதாகச் சம்மதம் என்றார். "ஒரு நாட்டின் தோல்விக்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டு வந்த முதல் விண்ணப்பதாரர் நீங்கள்தான். இங்கே பிறந்தவர்கள்கூட அப்படிச் சொன்னதில்லை."

நான் வாயைத் திறந்தேன். ஆரணி என் காலை மிதித்தாள். மூடிக்கொண்டேன்.

"ஒரு உதவி" என்றார் ஃப்ராவ் மோசர். "உங்கள் பெரியப்பாவின் தொலைபேசி எண் கிடைக்குமா?"

அவர் ஃப்ரிபூர்க்கில் பிரெஞ்சு படிப்பித்தவர். பெரியப்பா முப்பத்தெட்டு வருடம் பாரிஸ் ரெஸ்டோரன்ட் ஒன்றில் வேலை செய்தவர். இருவரும் நாற்பது நிமிடம் கதைத்திருக்கிறார்கள். என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று மாலை பெரியப்பாவே எனக்குக் கோல் எடுத்தார்.

"சிவநேசன், உங்கட ஆக்களை மன்னிச்சிட்டன். நல்ல மனுசி. முதல்ல சுகம் விசாரிச்சுது. பிறகு என்ர முழங்காலைப் பற்றிக் கேட்டுது. பிறகுதான் விசயத்துக்கு வந்தது. முறை தெரிஞ்ச நாடு."

ஆரணியின் கணக்கை நான் அவருக்குச் சொல்லவில்லை, ஒருவரையும் சொல்லவிடவும் இல்லை. ஒரு நாட்டைத் தனி ஆளாகப் பூச்சியத்துக்கு இறக்கியவர் என்ற பெருமையோடு அவர் பாரிசில் நிமிர்ந்து நடக்கிறார், நடக்கட்டும். எனக்கும் இப்போது பாஸ்போர்ட் இருக்கிறது. வதனி, ஆரணியோடு ஒரே வரிசையில் நின்று, அந்தப் பக்கம் போய்க் கோப்பி குடிக்கிறேன்.

ஆனால் குடும்பத்தில் இனி நான் யாரை எதற்கு அழைத்தாலும் ஒரே பதில்தான். போன மாதம் ஆரணியின் பட்டமளிப்புக்குச் சொல்ல, முறைப்படி, முதல் ஆளாகப் பெரியப்பாவுக்குத்தான் கோல் எடுத்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நீ சொல்லுறது சரி தம்பி. சுவிஸ் அரசாங்கத்தையும் ஒருக்கால் எனக்குக் கோல் எடுத்துச் சொல்லச் சொல்லு. அப்பத்தான் வருவன்."